மூன்றாவது இதழுக்கு யார் எழுதுவார்கள்? சாயக்கழிவுநீர் துறைக்கென ஆய்விதழ் தொடங்க நினைப்பவர்களுக்கு

கேள்வி இதுதான். திருப்பூர், பெருந்துறை, ஈரோடு, கரூர் பக்கத்துச் சாயக்கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை பார்க்கும் பொறியாளர்கள் பதினாறு பேர் ஒன்று சேர்ந்திருக்கிறார்கள். தங்கள் துறைக்கென்று ஓர் ஆய்விதழ் இல்லையே என்ற குறை அவர்களுக்கு. யாரும் காசு கொடுக்காமல் படிக்கிற மாதிரி, அதாவது ஓப்பன் ஆக்சஸாக, ஒன்றைத் தொடங்க ஆசை. வெப்சைட் போட ஆளைப் பேசியாயிற்று. இனி இதழுக்கான அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். எப்படி வாங்குவது, ஆய்விதழ்களின் பெரிய தரவுத்தளமான ஸ்கோபஸில் எப்போது சேர்த்துக்கொள்வார்கள், கட்டுரைக்கு எவ்வளவு கட்டணம் வைக்கலாம் என்று கேட்கிறார்கள்.

கோவையில் ஒரு கல்லூரி நூலகத்தில் இருந்துகொண்டு, ஜவுளித் தொழிலின் சுற்றுச்சூழல் பக்கத்தைப் பேசும் ஒரு சின்ன ஆய்விதழின் செயலராக ஒன்பது வருடம் ஓட்டியவன் நான். அதனால் நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப் போவதில்லை. ஐ.எஸ்.எஸ்.என். எளிது. ஸ்கோபஸை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். கட்டணம் வேண்டாம். இந்த மூன்றையும் பிறகு விளக்குகிறேன். நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, அதுதான் முதலில்: மூன்றாவது இதழுக்கு யார் எழுதுவார்கள்?

முதல் இதழ் கல்யாணம் மாதிரிங்க. சொந்தபந்தமெல்லாம் வந்து நின்றுவிடும். தெரிந்த பேராசிரியர் ஒன்று கொடுப்பார், நீங்களே இரண்டு எழுதுவீர்கள், யாருடைய முனைவர் பட்ட ஆய்விலிருந்தோ ஓர் அத்தியாயம் வரும். இரண்டாவது இதழுக்கு முதல் இதழில் மிஞ்சியது இருக்கும். மூன்றாவதில்தான் குடித்தனம் ஆரம்பம். நான் பார்த்த புது ஆய்விதழ்களில் நின்றுபோனவை பெரும்பாலும் மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில்தான் நின்றன. பணம் இல்லாமல் நின்றது ஒன்றோ இரண்டோதான். மற்றவை கட்டுரை இல்லாமல் நின்றன. இல்லாவிட்டால், வந்த குப்பையையெல்லாம் போட்டுப் பெயர் கெட்டு நின்றன.

உங்கள் துறையில் இந்தச் சிக்கல் இன்னும் கூடுதல். ஜீரோ லிக்விட் டிஸ்சார்ஜ், அதாவது ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகாமல் எல்லாவற்றையும் திருப்பி எடுப்பது, இந்த அளவில் இங்கே கட்டாயத்தால் வந்தது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்ன நாளை உங்களில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நொய்யல் ஆறும், சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையும் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த உத்தரவு அது. அதன்பின் நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஓடத் தொடங்கியபோது, ஆர்.ஓ. ரிஜெக்ட்டை, அதாவது சவ்வில் வடிகட்டிய பின் மிஞ்சும் உப்பு நீரை, ஆவியாக்கும் எவாப்பரேட்டருக்கு அனுப்புவது, பிரைனை, அதாவது செறிந்த உப்புக் கரைசலை, திருப்பிச் சாயத்துக்கே பயன்படுத்துவது, கலவை உப்பை என்ன செய்வது என்று அத்தனையும் வேலை செய்துகொண்டே கற்றவை. பாடப் புத்தகத்தில் இருந்து வந்தவை அல்ல. கற்றவர்கள் ஷிப்ட் இன்சார்ஜ்கள், ஆபரேட்டர்கள், லேப் கெமிஸ்ட்டுகள். அவர்கள் கட்டுரை எழுதுகிறவர்கள் இல்லை. எழுதுகிறவர்கள் கல்லூரிகளில் இருக்கிறார்கள், அவர்களில் பலர் எவாப்பரேட்டரை விசிட்டின்போது ஒருமுறை பார்த்ததோடு சரி.

அதனால் நீங்கள் இதழைத் தொடங்கிய மறுமாதம் என்ன நடக்கும் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். மெத்திலீன் ப்ளூ வந்து நிற்கும். பீக்கரில் மெத்திலீன் ப்ளூ சாயத்தைக் கரைத்து, ஏதோ ஒரு தோலையோ கொட்டையையோ கரியாக்கிப் போட்டு, சாயம் எத்தனை சதவீதம் போயிற்று என்று அளக்கும் கட்டுரைகள். தேங்காய்ச் சிரட்டை, புளியங்கொட்டை, வேர்க்கடலைத் தொலி, முருங்கை விதை, வாழைப்பழத்தோல் என்று நம் சந்தையில் கிடைக்கிற எல்லாவற்றையும் கரியாக்கிப் பார்த்தாயிற்று. எல்லாவற்றுக்கும் முடிவு ஒன்றுதான்: நன்றாக உறிஞ்சுகிறது. உறிஞ்சும் அளவைக் காட்டும் ஒரு லாங்முயிர் வளைவு, ஓர் எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படம், முடிந்தது. இதில் தப்பான அறிவியல் ஒன்றும் இல்லை. ஆனால் நாளொன்றுக்குப் பல லட்சம் லிட்டர் ஓடும் நிலையத்தில், உப்பும் ஸ்டார்ச்சும் ரியாக்டிவ் சாயமும் கலந்த தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அதனால் என்ன பயன்? எல்லையை முதல் நாளே எழுதி வையுங்கள்: செயற்கைக் கரைசலில் மட்டும் செய்த ஆய்வுகளை ஏற்பதில்லை. இந்த ஒரு வரி உங்களுக்கு வருகிற கட்டுரைகளில் பாதியை வாசலிலேயே நிறுத்தும். பயப்படாதீர்கள், நிற்கட்டும்.

மீதிப் பாதிக்கு எங்கே போவது? ஆளைத் தேடிப் போக வேண்டும். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன், உங்கள் இதழின் வேலை என்னவென்று அதில் தெரியும்.

ஒரு ஷிப்ட் இன்சார்ஜ் மூன்று பக்கம் எழுதி அனுப்பினார். வழக்கமாக இருபது நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்கிற எவாப்பரேட்டர் ட்யூப்களை அந்தக் கோடையில் எட்டு நாளைக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டி வந்ததாம். தண்ணீரின் கடினத்தன்மை ஏறியதுதான் காரணம் என்று ஓர் அட்டவணை போட்டிருந்தார். மதிப்பீட்டாளருக்கு அனுப்பினோம். மூன்று கேள்வி வந்தது. மாதிரி எங்கே எடுத்தது, ஆர்.ஓ.வுக்கு முன்னாலா ரிஜெக்ட் தொட்டியிலா? அட்டவணையில் உள்ள எண்கள் கால்சியமாகவா, கால்சியம் கார்பனேட்டாகவா? சிலிக்கா பார்த்தீர்களா? இரண்டாவது கேள்வி சில்லறை மாதிரித் தோன்றும். அதை எழுதாமல் விட்டால் எண் இரண்டரை மடங்கு மாறும்.

மனிதர் பதில் எழுதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மஞ்சப்பையில் மூன்று லாக்புக்கைப் போட்டுக்கொண்டு நேரில் வந்துவிட்டார். "எழுதறதுக்கு எங்கீங்க நேரம், நீங்களே பாத்துக்கோங்க" என்றார். மேஜையில் விரித்துவைத்துப் பக்கம் பக்கமாகப் பார்த்தோம். டீக்கறை, எண்ணெய் விரல் ரேகை, நைட் ஷிப்ட்டின் கோணல் கையெழுத்து. ஒரு பக்கத்தின் ஓரத்தில் பென்சிலில் ஒரு வரி: "படிவு வெள்ளையா இல்ல, சாம்பல் கலர். ஆசிட் விட்டும் நுரைக்கல." அதை அவர் கட்டுரையில் சேர்க்கவே இல்லை, அதெல்லாம் எழுதுகிற விஷயமா என்று நினைத்துவிட்டார். கார்பனேட் படிவு ஆசிட் பட்டால் நுரைக்கும். நுரைக்காத சாம்பல் படிவு என்றால் கதையே வேறு. அந்தக் கோடையில் சாயப்பட்டறைகள் தண்ணீர் பற்றாமல் வேறு போர்வெல்களில் இருந்து லாரித் தண்ணீர் வாங்கியதும் அதே லாக்புக்கில் இருந்தது. திரும்பப் படிவை எடுத்து லேபுக்கு அனுப்பினார், சிலிக்கா என்று வந்தது. கட்டுரையின் முடிவு தலைகீழானது. நாங்கள் வெளியிட்டவற்றில் அதிகம் பேர் எடுத்துப் படித்தது அந்த ஐந்து பக்கம்தான்.

உங்கள் துறையின் அறிவு அந்தப் பக்க ஓரங்களில் இருக்கிறது. அதை வெளியே எடுக்கிற வடிவம் பெரிய ஆய்வுக்கட்டுரை அல்ல. மருத்துவர்கள் ஒரே ஒரு நோயாளியைப் பற்றி எழுதும் சிறு அறிக்கைகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி 'நிலைய அறிக்கை' என்று ஒரு வகை வையுங்கள். நிலையத்தின் அமைப்பு, என்ன கோளாறு, எப்போது தெரிந்தது, என்ன செய்து பார்த்தோம், எது பலித்தது, எது பலிக்கவில்லை, மூல அளவீடுகள் இணைப்பில். இரண்டாயிரம் சொல்லுக்குள். பலிக்காததற்கும் கட்டாயம் இடம் வேண்டும். ஒரு நிலையத்தில் பலிக்காத, படிவைத் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் ரசாயனத்தை அடுத்த நிலையம் லட்சக்கணக்கில் வாங்கி ஏமாறுவதை எந்த ஆய்விதழும் தடுத்ததில்லை, உங்களுடையது தடுக்கலாம். எழுதவே வராதவரோடு உட்கார்ந்து எழுத ஓர் ஆள் வேண்டும். அவருக்கு 'கட்டுரைத் துணை' என்றோ வேறெப்படியோ பெயர் வைத்து, கட்டுரையின் அடியில் நன்றி போடுங்கள். ஒன்பது வருடத்தில் நான் செய்ததில் பாதி இந்த வேலைதான்.

இங்கே ஒரு முள் இருக்கிறது, மழுப்பாமல் சொல்ல வேண்டும். நிலையத்தின் தரவு நிலையத்துடையது. உங்கள் சம்பளம் அங்கிருந்து வருகிறது. கோளாறை எழுதினால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகுமே என்று நிர்வாகம் பயப்படும், அந்தப் பயத்தில் நியாயமும் இருக்கிறது. இரண்டு ஏற்பாடு செய்யுங்கள். ஒன்று, நிர்வாகத்தின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாமல் எந்த நிலைய அறிக்கையையும் மதிப்பீட்டுக்கே அனுப்பாதீர்கள். இரண்டு, நிலையத்தின் பெயரைப் போடாமல் வெளியிட வழி வையுங்கள், இதழாசிரியருக்கு மட்டும் தெரிந்தால் போதும். ஆனால் ஓடை, ஆறு, கிணறு என்று வெளியே நீர் போன விஷயம் ஏதாவது இருந்தால் அதைப் பெயர் மறைத்து வெளியிட ஒத்துக்கொள்ளாதீர்கள். கீழ்ப்பக்கம் விவசாயம் பார்க்கிறவர்களும் இந்த இதழைப் படிப்பார்கள், படிக்க வேண்டும். ஓப்பன் ஆக்சஸ் என்று நீங்கள் சொல்வதற்கு அர்த்தமே அதுதானே? 2002இல் புடாபெஸ்ட் பிரகடனம் படிக்க, இறக்கிக்கொள்ள, நகலெடுக்க, பகிர எல்லோருக்கும் உரிமை என்றபோது, அந்த எல்லோரிலும் ஒரத்துப்பாளையத்துக்காரரும் சேர்த்திதான்.

அடுத்தது மதிப்பீடு. மதிப்பீட்டாளருக்கு எழுதியவர் யாரென்றும், எழுதியவருக்கு மதிப்பீட்டாளர் யாரென்றும் தெரியாமல் வைப்பதுதான் நல்லது என்று பல வழிகாட்டிகளில் இருக்கும். உங்களுக்கு அது நடக்காது. திருப்பூரின் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. கொள்ளளவையும் எவாப்பரேட்டர் வகையையும் படித்த மாத்திரத்தில் "ஓ, இது அவங்க பிளான்ட்" என்று உங்களில் யாரும் சொல்லிவிடுவீர்கள். கண்ணைக் கட்டிக்கொண்ட மாதிரி நடிப்பதைவிட, பெயர் தெரிந்த மதிப்பீட்டையே முறையாக வையுங்கள். மதிப்பீட்டாளரின் குறிப்பையும் கட்டுரையோடு வெளியிடலாம், மேலே சொன்ன அந்த மூன்று கேள்வியே ஒரு பாடம். போட்டி நிலையத்துக்காரர் மதிப்பிடக் கூடாது, சப்ளையர் மதிப்பிடக் கூடாது, ஒரே கன்சல்டன்ட்டிடம் வேலை பார்த்தவர்கள் ஒருவரை ஒருவர் மதிப்பிடக் கூடாது. இத்தனையும் கழித்தால் கொங்கு நாட்டுக்குள் ஆள் மிஞ்ச மாட்டார். வெளியே போங்கள். ராணிப்பேட்டை, வாணியம்பாடி தோல் தொழிற்சாலைகளின் சுத்திகரிப்பில் இருப்பவர்களுக்கு உப்பும் எவாப்பரேட்டரும் உங்களைவிட நன்றாகத் தெரியும். சூரத், ராஜஸ்தானின் பாலி, பானிபட், லூதியானா பக்கம் ஜவுளிக் கழிவுநீரோடு போராடுகிறவர்கள் இருக்கிறார்கள். முதல் கட்டுரை கைக்கு வருவதற்கு முன்பே இப்படி முப்பது பேரிடம் சம்மதம் வாங்கி வையுங்கள். ஒருவரிடம் வருடத்துக்கு இரண்டுக்கு மேல் கேட்காதீர்கள்.

வெளியாட்கள் வேண்டும் என்பதற்கு இன்னொரு கணக்கும் உண்டு. டி.ஓ.ஏ.ஜே. என்று ஓப்பன் ஆக்சஸ் இதழ்களின் பட்டியல் ஒன்று இருக்கிறது. 2003இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 300 இதழ்களோடு தொடங்கியது, இன்று இருபதாயிரத்தைத் தாண்டிவிட்டது. விண்ணப்பிக்கக் காசு கிடையாது. உங்கள் முதல் இலக்கு அதுவாக இருக்கட்டும். வருடத்துக்குக் குறைந்தது ஐந்து ஆய்வுக்கட்டுரை, பெயரும் பணியிடமும் தெளிவாக உள்ள ஆசிரியர் குழு, வெளிப்படையான மதிப்பீட்டு முறை, உரிமம் என்று கேட்பார்கள். புது இதழ் என்றால் ஒரு வருடத்துக்கு மேல் ஓடியிருக்க வேண்டும் அல்லது பத்துக் கட்டுரையாவது வெளியாகியிருக்க வேண்டும். இதெல்லாம் எட்டிவிடும். இடறுகிற இடம் வேறு: கடைசி இரண்டு இதழ்களில் எதிலும், ஆசிரியர் குழுவினரோ மதிப்பீட்டாளர்களோ எழுதிய கட்டுரைகள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஐந்து கட்டுரை உள்ள இதழில் ஒன்று என்றால் 20, தப்பித்தீர்கள். இரண்டு என்றால் 40, போயிற்று. பதினாறு பேரும் ஆசிரியர் குழுவில் பெயர் போட்டுக்கொண்டால் உங்களில் யாரும் எழுத முடியாது, அதே சமயம் எழுதக்கூடியவர்களும் நீங்கள்தான். குழுவில் உங்களில் மூன்று பேர், வெளியிலிருந்து நான்கைந்து பேர். மற்ற பதின்மூன்று பேர் எழுதட்டும், மதிப்பீடு செய்ய வேண்டாம். யாருடைய பெயர் குழுவில் வரும் என்பதில்தான் பல இதழ்கள் பிறக்கும் முன்பே சண்டையில் முடிந்தன. இதை முதல் கூட்டத்திலேயே காபி வருவதற்குள் பேசி முடியுங்கள்.

இப்போது நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

ஐ.எஸ்.எஸ்.என். எண்ணை இந்தியாவில் தில்லியில் உள்ள சி.எஸ்.ஐ.ஆர். நிஸ்பர் நிறுவனத்தில் இயங்கும் தேசிய மையம் கொடுக்கிறது. இலவசம். இணைய இதழுக்குத் தனி எண், அச்சுக்குத் தனி எண். வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டு வருகிற இடைத்தரகரைத் திருப்பி அனுப்புங்கள். அந்த எண் தரச் சான்று இல்லை, வண்டிக்கு நம்பர் பிளேட் மாதிரி அடையாளம் மட்டும்தான். பத்திரிகைப் பதிவு பற்றியும் சிலர் பயமுறுத்துவார்கள். 2024 மார்ச் 1 முதல் நடப்பில் உள்ள பத்திரிகை, பருவ இதழ்கள் பதிவுச் சட்டம் அறிவியல், தொழில்நுட்ப, கல்விசார் இதழ்களைப் பருவ இதழ் என்ற வரையறையிலேயே சேர்க்கவில்லை. ஆனால் உங்களுக்கு ஓர் அமைப்பு வேண்டும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் ஏழு பேர் இருந்தால் சங்கம் பதியலாம். வங்கிக் கணக்கும், கட்டுரைக்கான நிரந்தர அடையாள எண்ணான டி.ஓ.ஐ.க்கு ஒப்பந்தமும் அந்தப் பெயரில் இருக்கட்டும்.

இதழின் பெயரில் 'இன்டர்நேஷனல்' வேண்டாம். 'குளோபல்', 'அட்வான்ஸ்டு' இரண்டும் வேண்டவே வேண்டாம். இந்த மூன்று சொல்லும் இன்று எச்சரிக்கைப் பலகை ஆகிவிட்டன. 2013இல் 'சயன்ஸ்' இதழுக்காக ஜான் போஹன்னன் வேண்டுமென்றே ஓட்டைகள் வைத்த போலிக் கட்டுரை ஒன்றை 304 ஓப்பன் ஆக்சஸ் இதழ்களுக்கு அனுப்பினார், 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அவர் அனுப்பிய இதழ்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இந்தியாவைத் தளமாகக் கொண்டவை. 2018 மே மாதம் பல்கலைக்கழக மானியக் குழு தன் ஏற்புப் பட்டியலில் இருந்து ஒரே வீச்சில் 4,305 இதழ்களை நீக்கியது. நீங்கள் கடை திறக்கப் போவது அந்தச் சந்தையில். சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

அதே காரணத்தால்தான் கட்டணம் வேண்டாம் என்கிறேன். கட்டுரைக்கு மூவாயிரம் ரூபாய் வாங்கினால்கூட, நிராகரிக்கும் ஒவ்வொரு முறையும் மூவாயிரம் நஷ்டம் என்று உங்கள் பொருளாளருக்குத் தோன்றத் தொடங்கும். முதலில் பகிடியாகச் சொல்வார், பிறகு பகிடியாகச் சொல்ல மாட்டார். எழுதுகிறவரிடமும் வாங்காமல் படிக்கிறவரிடமும் வாங்காமல் நடத்துவதை டைமண்ட் ஓப்பன் ஆக்சஸ் என்கிறார்கள். உங்கள் அளவுக்கு அது முடியும். மென்பொருளுக்குக் கனடாவின் பப்ளிக் நாலெட்ஜ் ப்ராஜெக்ட் உருவாக்கிய ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸ் இருக்கிறது. கட்டுரை வாங்குவது, மதிப்பீட்டுக்கு அனுப்புவது, வெளியிடுவது எல்லாம் அதிலேயே, இலவசமாக. நீங்கள் பேசிவைத்த வெப்சைட்காரர் தானே புதிதாக ஒன்று எழுதித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பதிப்பு வெளியாக வெளியாகப் புதுப்பிக்க மட்டும் ஆள் வேண்டும், பழைய பதிப்பை அப்படியே விட்டால் ஹேக் ஆகும். டி.ஓ.ஐ. எண்ணுக்குக் கிராஸ்ரெஃப் உறுப்பினராக வேண்டும். மிகச் சிறிய பதிப்பாளருக்கான ஆண்டுக் கட்டணம் பல காலம் 275 அமெரிக்க டாலராக இருந்தது, விண்ணப்பிக்கும் அன்றைய கட்டணத்தைப் பாருங்கள். அதற்கு மேல் கட்டுரைக்கு 1 டாலர். சர்வர், டொமைன், பக்கம் வடிவமைப்பவருக்குக் கூலி. கூட்டிப் பாருங்கள், ஒரு நிலையத்தில் ஒருமுறை மெம்பரேன், அதாவது ஆர்.ஓ. சவ்வு, மாற்றும் செலவில் இதழை வருடக்கணக்கில் ஓட்டலாம்.

அந்தப் பணம் மெம்பரேன் விற்பவரிடமிருந்து வரக் கூடாது. எவாப்பரேட்டர் கம்பெனி, கெமிக்கல் கம்பெனி, யாரிடமிருந்தும் வேண்டாம். முதலில் தேடி வருவது அவர்கள்தான், நல்ல மனதோடுதான் வருவார்கள். அவர்களுடைய பொருள் பலிக்கவில்லை என்று ஒரு நிலைய அறிக்கை வருகிற அன்றைக்கு உங்கள் நிலைமையை நினைத்துப் பாருங்கள். தொழில் சங்கம், கல்லூரி, உங்கள் சொந்தச் சந்தா, இந்த மூன்றில் ஒன்று. யார் எவ்வளவு தந்தார் என்பதை இதழிலேயே போடுங்கள்.

உரிமம்: கிரியேட்டிவ் காமன்ஸ் பை, அதாவது எழுதியவர் பெயரைச் சொல்லி யாரும் பயன்படுத்தலாம். பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கட்டும். 'வணிகத்துக்கு அல்ல' என்ற நிபந்தனையைச் சேர்க்கலாமா என்று கேட்பீர்கள். சேர்த்தால், உங்கள் கட்டுரையை நகலெடுத்து ஆபரேட்டர்களுக்குக் கட்டணப் பயிற்சி நடத்துகிறவர் மாட்டிக்கொள்வார், அவர் செய்வதோ உங்களுக்கு உதவி. வேண்டாம்.

ஸ்கோபஸ் விண்ணப்பத்துக்கே குறைந்தது இரண்டு வருட வெளியீட்டு வரலாறு வேண்டும், அதன்பின் ஆராய்ந்து முடிவெடுக்க அவர்கள் எடுத்துக்கொள்ளும் காலம் வேறு. பேராசிரியர்கள், மானியக் குழு ஏற்ற இதழ்களின் 'கேர் பட்டியலில் இருக்கிறதா' என்றும் கேட்பார்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே கைவிட்டுவிட்டது, இதழின் தரத்தைக் கல்வி நிறுவனங்களே எடைபோட வேண்டும் என்று சொல்லிவிட்டது. உங்களுக்கு அது நல்லதுதான். இதழின் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்று அளக்கும் இம்பாக்ட் ஃபாக்டர் போலவே ஒலிக்கும் பெயரில் ஓர் எண்ணைக் காசுக்குத் தருகிறவர்களின் மின்னஞ்சல் முதல் இதழ் வந்த வாரமே வரும். அந்த எண்ணை ஒருமுறை முகப்பில் போட்டுவிட்டால் அந்தக் கறை போகவே போகாது.

தமிழுக்கு வருகிறேன். கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கட்டும், சூரத்துக்காரர் படிக்க வேண்டும், மதிப்பிடவும் வேண்டும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தமிழில் சுருக்கம் வேண்டும். 'இவ்வாய்வின்கண் நுண்ணுயிரிகளின்பாற்பட்ட' என்று தொடங்கும் தமிழ் இல்லை. ரிஜெக்ட்டை ரிஜெக்ட் என்றே எழுதுங்கள், ஸ்லட்ஜை ஸ்லட்ஜ் என்றே எழுதுங்கள். ஐ.டி.ஐ. முடித்து நைட் ஷிப்ட்டில் வால்வு திருப்புகிறவர் ஃபோனில் படித்துவிட்டு, "நம்ம பிளான்ட்லயும் இப்படித்தானுங்க ஆச்சு" என்று சொன்னால் உங்களுக்கு அடுத்த நிலைய அறிக்கை கிடைத்துவிட்டது.

ஏதோ புதிய விபரீதத்தில் இறங்குகிறோம் என்று உங்களில் யாராவது தயங்கினால், கோவை லாலி ரோட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். இன்றைய வேளாண் பல்கலைக்கழகத்தின் தாயான விவசாயக் கல்லூரி சைதாப்பேட்டையிலிருந்து கோவைக்கு வந்து சில வருடமே ஆகியிருந்த காலத்தில், அங்கே விவசாய மாணவர் சங்கம் தொடங்கிய 'மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல்' 1913 முதல் வருகிறது. அன்றைக்கு விவசாயப் படிப்பும் இந்த ஊரில் இளம் துறைதான்.

எங்கள் இதழுக்கு நேர்ந்த ஒரு கேட்டையும் சொல்ல வேண்டும். டொமைன் பெயரை ஒரு மாணவர் தன் சொந்த மின்னஞ்சலில் பதிந்திருந்தார். படிப்பு முடித்து வெளிநாடு போனார். புதுப்பிக்கச் சொல்லி வந்த அறிவிப்பெல்லாம் அவர் திறக்காத பெட்டியில் கிடந்தது. ஒரு திங்கட்கிழமை இதழைத் திறந்தால் ரம்மி விளையாட அழைக்கிறது. யாரோ எடுத்துவிட்டார்கள். ஆறு வருடக் கட்டுரைகளின் முகவரி அத்தனையும் செத்தது. எங்களுக்கு அப்போது டி.ஓ.ஐ. கிடையாது. இருந்திருந்தால் புது முகவரிக்கு ஒரு நாளில் திருப்பியிருக்கலாம். மாணவர் மேல் குற்றமில்லை, கேட்காமல் விட்டது நான். டொமைன் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும், கடவுச்சொல் இரண்டு பேரிடம் இருக்கட்டும், பத்து வருடத்துக்குச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். ஓப்பன் ஜர்னல் சிஸ்டம்ஸில் ஓடும் இதழ்களுக்கு அதே கனடாக்காரர்கள் இலவசப் பாதுகாப்பு வலையமைப்பு ஒன்று வைத்திருக்கிறார்கள், ஐ.எஸ்.எஸ்.என். வந்ததும் அதில் சேர்ந்துவிடுங்கள்.

தேதி குறிப்பதற்கு முன்பு ஒரு சோதனை. பதினாறு பேரும் தலைக்கு ஒரு நிலைய அறிக்கையை, அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, ஆடி பதினெட்டுக்குள் ஓரிடத்தில் போடுங்கள். பன்னிரண்டு வந்தால் இதழுக்கு நாள் பாருங்கள். ஐந்தாறுதான் வந்தது என்றால் இதழ் வேண்டாம், அந்த ஐந்தாறை வீணாக்கவும் வேண்டாம். ஜெனோடோ என்று செர்ன் ஆய்வகம் நடத்தும் இலவசக் களஞ்சியம் இருக்கிறது. அங்கே ஒரு தொகுப்பு திறந்து, ஒன்று, இரண்டு என்று எண்ணிட்ட அறிக்கை வரிசையாகப் போட்டு வாருங்கள். டி.ஓ.ஐ. காசில்லாமல் கிடைக்கும். இருவர் படித்துக் கேள்வி கேட்ட பிறகே போடுவது என்ற பழக்கத்தை அங்கேயே தொடங்கலாம். இருபது சேர்ந்த பிறகு இதழைப் பற்றித் திரும்பக் கேளுங்கள், அப்போது ஆசிரியர் குழுவுக்கு விண்ணப்பப் படிவம் முதல் மதிப்பீட்டாளருக்கு அனுப்பும் கடிதம் வரை என்னிடம் இருப்பதையெல்லாம் தருகிறேன்.